இருபத்தொண்ணு ஆகலையாம்

— என்னது, ஆதார் கார்டா? ஏண்ணே, நான் என்ன ரேசன் கடைக்கா வந்திருக்கேன்?

— சாப்பாட்டுக்குக் கேக்கல தம்பி. பீர் சொன்னீங்கள்ல, அதுக்குத்தான். இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணும். கோவிச்சுக்கிறாதீங்க. கேக்காமக் கொண்டாந்து வச்சா என் சீட்டக் கிழிச்சிருவாங்க.

— இந்தத் தாடியப் பாத்துமா சந்தேகம்?

— தாடிக்கென்ன தம்பி, எம் மகனுக்குப் பதினேழுலயே வந்துருச்சு.

— சரி. அந்தா சன்னலோரம் நாலு பேரு உக்காந்திருக்காய்ங்களே, ஒருத்தனுக்கும் மீசை கூட மொளைக்கல. அவங்ககிட்டக் கேட்டீங்களா?

— அது வந்து...

— கேட்டீங்களா, இல்லையா?

— கேக்கத்தான் போனேன். மேனேஜரு கண்ணக் காட்டுனாரு. திரும்பிட்டேன்.

— பாத்தியா காவ்யா! அவய்ங்க மேசையில கார் சாவி கெடக்கு. நம்ம மேல கம்பெனிச் சட்டையும் தேஞ்ச செருப்பும் கெடக்கு. அதான் நம்மகிட்ட மட்டும் சட்டம் பேசுறாரு.

— பாண்டி, கத்தாத. இன்னைக்கு ஒரு மத்தியானமாச்சும் வெள்ளத் துணி விரிச்ச மேசையில உக்காந்து சாப்பிடுவோம்னுதான அரைநாள் லீவு போட்டோம். உனக்கு இருபத்திரெண்டு. கார்ட எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டு. அவரு வாயடைச்சுப் போகட்டும்.

— இந்தா பாருங்கண்ணே. நல்லாப் பாருங்க. ராஜபாண்டி. போட்டோவும் நான்தான், தாடி மட்டும் இல்ல. போதுமா?

— ஒரு நிமிசம் தம்பி, கண்ணாடியப் போட்டுக்கிறேன்... ஜூன் அஞ்சு... தம்பி, இதுல இரண்டாயிரத்தஞ்சுன்னுல்ல போட்டிருக்கு?

— அட, அது பள்ளிக்கூடத் தேதிண்ணே! நெசத்துல நான் பொறந்தது அதுக்கு ரெண்டு வருசம் முந்தி. எங்க ஊருல பாதிப் பேருக்கு அப்படித்தான்.

— கோவிச்சுக்கிறாதீங்க. எங்க ஊருலயும் அப்படித்தான். ஆனா மேனேஜருக்குக் கார்டுதானே பேசும்? இதுப்படி ஒங்களுக்கு இருபதுதான் நடக்குது. சட்டப்படி பாத்தா ஒங்களுக்கு இன்னும் எட்டு மாசத்துக்குப் பீரும் கெடையாது, பொண்டாட்டியும் கெடையாது!

— என்ன சொன்னீங்க?

— சும்மா சிரிப்புக்குச் சொன்னேன் மேடம்.

— இல்ல, கடைசியா என்னமோ சொன்னீங்களே. திருப்பிச் சொல்லுங்க.

— ஆம்பளைக்குக் கல்யாணத்துக்கும் இருபத்தொண்ணு முடியணுமேன்னு சொன்னேன். ஏன், ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி உக்காந்துட்டீங்க?

— ஒண்ணுமில்ல. ரெண்டு லைம் சோடா கொண்டாங்கண்ணே. மெதுவாவே வாங்க.

— காவ்யா...

— பேசாத. அவரு போகட்டும்.

— போயிட்டாரு.

— நாளைக்குக் காலைல ஒம்பதரைக்குக் கோயில்ல தாலி கட்டணும். பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். இப்பச் சொல்லு. நீ யாருகிட்டக் கேட்டு மாப்ள ஆன?

— சத்தியமா எனக்குத் தெரியாது புள்ள. பதினெட்டு முடிஞ்சாப் போதும்னு நெனச்சேன்.

— அது பொண்ணுக்கு!

— ஆம்பளைக்குத் தனியா ஒண்ணு இருக்கும்னு யாரு கண்டா? விருமாண்டிதான எல்லாத்தையும் பேசி முடிச்சான். கார்டுக்கென்ன மாப்ள, காலைல போற வழியில ஜெராக்ஸ் போட்டுக்குவோம்னான்.

— நல்ல கூட்டாளி. உன் வயச எதுக்குக் கொறச்சாங்க? அதையாவது சொல்லு.

— எங்கம்மாவும் அப்பாவும் ரெண்டு வருசம் செங்கச் சூளையில வேலைக்குக் கெடந்தாங்க. நானும் அங்கனயே மண்ணத் தின்னுக்கிட்டுத் திரிஞ்சேன். திரும்பி வந்து ஒண்ணாப்புல சேக்கும்போது எனக்கு ஏழு. ஹெட்மாஸ்டரு எங்கம்மாவப் பாத்தாரு. ‘சுந்தரம்மா, ரெண்டு வயசக் கொறச்சுப் போடுறேன், பின்னால கவர்மெண்டு வேலைக்கு எழுத ரெண்டு வருசம் கூடுதலாக் கெடைக்கும்’னு எழுதிட்டாரு. நல்லது நெனச்சுத்தான் எழுதுனாரு.

— நல்லா நெனச்சாரு போ. கவர்மெண்டு வேலையும் கெடைக்கல, கல்யாணமும் கெடைக்கல.

— சிரிக்கிறியா, அழுகுறியா?

— ரெண்டும் சேந்து வருது பாண்டி.

— அழாத புள்ள. இரு, விருமாண்டிக்குப் போன் போடுறேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் கடையில ஆள் இருக்கு. அஞ்ச மூணாக்குறது எம்புட்டு நேரம்?

— போன கீழ வை.

— பொய்யா என்ன? மூணுதான நெசம்!

— நெசமோ பொய்யோ, திருத்துன கார்டக் காட்டி நீ தாலி கட்டுனா எங்கண்ணன் ரவிசங்கரு அதையே பிடிச்சுக்குவான். கேஸப் போட்டு உன்னைய உள்ள தள்ளுவான். ஹெட்மாஸ்டரு மாத்துன தேதியே நமக்கு இன்னும் செமிக்கல. இதுல நீ வேற ஒண்ண மாத்தப் போறியா?

— அப்பக் கோயில்ல மட்டும் கட்டிக்குவோம்.

— அங்கயும் கார்டு கேப்பாங்க. இந்த அண்ணனாவது சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு. அங்க எங்க வீட்டாளுக வாசல்ல நிக்கும்போது சொல்லுவாங்க.

— வேற என்னதான் செய்யச் சொல்ற? ஞாயித்துக்கிழம ஒங்கப்பா பாத்த மாப்ள உமேசு வீட்டுல இருந்து தட்டு மாத்த வாராங்க. எட்டு மாசம் யாரு காத்துக்கிட்டு இருப்பா? உன்னையத் தூக்கி அவனுக்குக் கட்டி வச்சுருவாங்க காவ்யா. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்குந்தான் பயமா இருக்கு.

— தம்பி, லைம் சோடா. கோவிச்சுக்கிறாதீங்க, கிச்சன்ல நேரமாயிருச்சு. மேடம், கண்ணு கலங்கியிருக்கே. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?

— நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. சட்டையில கண்ணுச்சாமின்னு போட்டிருக்கு, அதானே ஒங்க பேரு?

— ஆமா மேடம்.

— கண்ணுச்சாமி அண்ணே, இந்தாங்க என் கார்டு. காவ்யஸ்ரீ. வயசப் பாருங்க.

— எதுக்கு மேடம்?

— பாருங்கன்னா பாருங்க.

— இருபத்துமூணு முடிஞ்சிருச்சு.

— அப்ப அந்தப் பீர எனக்குக் கொண்டாங்க.

— மேடம்... பொம்பளப் புள்ள... சுத்தி நாலு குடும்பம் உக்காந்து சாப்பிடுது...

— சட்டத்துல பொம்பளைக்குத் தனியா ஏதாச்சும் எழுதியிருக்கா?

— இல்ல.

— மேனேஜரு பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரா?

— அதெல்லாம் இல்ல.

— பின்ன? அவருகிட்டக் கார்டு கேட்டீங்க, காட்டுனாரு, இல்லன்னீங்க. சரின்னுட்டோம். என் கார்டு ஆமாங்குது. அதுக்கும் சரின்னு சொல்லிப் பழகுங்க.

— இந்தா வாரேன் மேடம்.

— ஏய், உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? நீ இதுவரைக்கும் மோந்து கூடப் பாத்ததில்லையே!

— பாண்டி, நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. இந்த எடத்துல வயசுக்கு வந்த ஆளு யாரு?

— கார்டுப்படியா? நீதான்.

— நான்தான். கப்பலூர்ல நாலு வருசமா அந்தக் கம்பெனிக் கணக்கப் பாக்குறேன். என் சம்பளத்துலதான் எங்கண்ணனே பைக்குக்குத் தவணை கட்டுறான். இருந்தும் நான் திருடி மாதிரி நாளைக்கு ரெண்டு சுடிதாரச் சோத்துப் பையில அமுக்கி வச்சுக்கிட்டு, கம்பெனி பஸ்ஸுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு ஓடணுமா? எதுக்கு?

— வேற வழி இல்லைன்னு நீதான சொன்ன?

— சொன்னேன். ஞாயித்துக்கிழமைக்குப் பயந்து சொன்னேன். இருபத்துமூணு வயசுக்காரி சம்மதம் இல்லாம எவன் வந்து தட்டு மாத்துவான்? நான் இது வரைக்கும் வீட்டுல ‘வேணாம்’னு வாயத் தொறந்து சொன்னதே இல்ல பாண்டி. அழுதிருக்கேன், சோறு திங்காமக் கெடந்திருக்கேன். சொன்னதில்ல.

— சொன்னா அடிப்பாங்க.

— அடிச்சா பழங்காநத்தத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்கு. எங்க ஆபீஸ் சரண்யாதேவி அங்கதான் இருக்கா. போயிருவேன்.

— மேடம், பீர்.

— வைங்க... த்தூ! வேப்பெண்ண தேவலாம். இதுக்கா இவருகிட்ட இம்புட்டுச் சண்டை போட்ட?

— நான் குடிக்கட்டுமா அப்ப?

— தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க, ஒங்களுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு.

— சொல்லிக்கிட்டே இருங்கண்ணே, நல்லா இருப்பீங்க. காவ்யா, என்ன போன எடுக்குற? யாருக்கு?

— எங்கப்பாவுக்கு.

— வேணாம் புள்ள. இங்க வச்சு வேணாம். ஒங்கப்பா மொதல்ல நான் எந்த ஊருன்னு கேக்க மாட்டாரு. ஊருல எந்தத் தெருன்னுதான் கேப்பாரு.

— கேக்கட்டும். நான் சொல்றேன். அதக் கேக்குறவங்களுக்குத்தான் வெக்கம், உனக்கென்ன?

— மேடம், நான் வேணா அந்தப் பக்கம் போயிரட்டுமா?

— நில்லுங்கண்ணே. எனக்கு ஒரு சாட்சி வேணும். பாண்டி, நீயும் கேட்டுக்க. வீட்டுல நாங்க பேசுற எங்க பாஷையில பேசுனா அது எங்க வீட்டுச் சண்டையாப் போயிரும். அதனால தமிழ்லயே பேசப் போறேன்.

— இன்னொரு தடவ யோசிச்சுக்க புள்ள.

— யோசிச்சாச்சு. ரிங் போகுது... அப்பா, காவ்யா பேசுறேன். ஆமா, தமிழ்லதான் பேசுறேன். காரணமாத்தான்.

— மெதுவா, மெதுவா...

— ஞாயித்துக்கிழம உமேஷ் வீட்டுக்காரங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. இல்லப்பா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வேணாம். வேணாம்னா வேணாந்தான்... நாளைக்கு வீட்ட விட்டு ஓடிப் போறதா இருந்தேன். போகல. சாயங்காலம் நம்ம வீட்டுக்குத்தான் வாரேன், அவரையும் கூட்டிக்கிட்டு வாரேன்.

— என்னையவா? இன்னைக்கா?

— பேரு ராஜபாண்டி. எங்க கம்பெனியில லேத் மிஷின் ஓட்டுறாரு. ஆமாப்பா, நீங்க நெனைக்கிற தெருதான். கட்டுனா அவரைத்தான் கட்டுவேன். அண்ணன் பக்கத்துல கத்துறது எனக்கும் கேக்குது, கத்தட்டும். கல்யாணம் ஜூன் மாசம், நாலு பேருக்குப் பத்திரிகை வச்சு. ஏன் ஜூன் வரைக்குமா? மாப்ளைக்கு வயசு பத்தலப்பா, அம்புட்டுதான். வேற ஒரு குறையும் இல்ல.