இரண்டாம் பக்கத்தில் அப்பா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மொன்றியலில் தனி ஆளாய் நின்று மூன்று கடை எழுப்பினவன் நான். கார் திருத்தக் குடுத்துக் கராச்சில் நின்றபடியால்தான் அன்று புவாண்ட்-கிளேர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒருத்தியின் மடியில் லப்டொப்.

“அப்பாவைச் சாகடிச்சாத்தான் புத்தகம் போடுவினமாம்,” என்றாள் லப்டொப்காரி.

“ஆரடி சொன்னது?”

“பதிப்பகத்தில. அப்பா வாசலில ஸ்னோ வழிக்கேக்க பக்கத்து வீட்டு மனுசனோட சண்டைக்குக் கொழுவுற கதை எழுதிக் குடுத்தன். நல்ல பகிடியாம். ஆனா, தமிழ் ஆக்களின்ர புத்தகத்தில யுத்தம் எங்கயெண்டு கேக்கினம்.”

“வேற இடத்துக்குக் குடுத்துப் பாரன்.”

“இது நாலாவது இடம். எல்லாரும் இதைத்தான் சொல்லினம்.”

“கதையிலதானே, சாகடிச்சு விடு.”

“சனிக்கிழமையில அவர்தானடி என்ர பிள்ளையைப் பாக்கிறார், நான் லைபிரரியில இருந்து எழுதட்டும் எண்டு. அவர் இல்லாட்டி எனக்கு எழுத்தே இல்லை.”

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“செய்திட்டன். இண்டைக்கு, ரெண்டாம் பக்கத்திலயே, ஷெல் விழுந்து.”

லப்டொப்காரியின் போன் அடித்தது.

“ஓம் அப்பா, வந்துகொண்டிருக்கிறன். பிள்ளை சாப்பிட்டவளோ? ஓம், இண்டைக்கு நிறைய எழுதினனான்.”

லப்டொப்பை மூடியபடி சொன்னாள்:

“உங்களைப் பற்றித்தான் அப்பா.”