மூணு காத்தாடி கார்டு

— கம்ப்யூட்டருக்கு எதுக்குச் சாமி காத்தாடி? அதுக்கென்ன வேர்க்குதா?

— வேர்க்காதுங்க ஐயா, கொதிக்கும். அதாவதுங்க, கேம் ஆடறப்ப திரையில வர்ற மரம், மழை, ஆளு, நெழலு அத்தனையும் வரஞ்சு தள்றது இந்தக் கார்டுதான். வேல எச்சாச்சுன்னா சூடேறும். அதத் தணிக்கத்தான் காத்தாடி.

— அட கெரகமே! கார்டுன்னா ரேஷன் கார்டாட்டம் இருக்கும், ஜோப்புல போட்டுக்கிட்டு பஸ் ஏறிரலாம்னு வந்தேன். இது செங்கல்லு கணக்கா இருக்குது!

— வர்றவங்க பாதிப்பேரு அப்படித்தானுங்க நெனச்சுக்கிட்டு வர்றாங்க. பேரு அப்படி வந்துருச்சு.

— உன்ற பேரு கோகுலுதான? செம்மேட்டுல இந்தச் சாமானெல்லாம் கோகுல் கடையிலதான் கெடைக்கும்னு என்ற புள்ள சொல்லித் தாட்டிவிட்டா.

— ஆமாங்க, கோகுல்தான். ஐயா எந்தப் பக்கமுங்க?

— ஆலத்தூர் நாடு.

— ஆலத்தூர் நாடுங்களா! அங்க எந்த ஊருங்க? யாரு ஊடுங்க?

— ஊடு எங்கயும் ஓடிப் போவாது. நீ மொதல்ல கார்டச் சொல்லு. மிளகு, மரவள்ளின்னா நான் நாளெல்லாம் பேசுவேன். இதுல எனக்கு ஒரு எழவும் தெரியாது. இந்தா, புள்ளயோட பெட்டிய போன்ல படம் புடிச்சாந்திருக்கேன். பாத்துச் சொல்லு.

— குடுங்க... பெட்டி சின்னதுங்க. திரையும் அளவானதுதான். உள்ள இருக்கற பவர் சப்ளை, அதாவதுங்க, எல்லாத்துக்கும் கரண்டப் பிரிச்சு விடற டப்பா, அதுவும் நடுத்தரம். ஆனா பாத்துப் பாத்துச் சேத்துருக்காங்க. ஒயரக்கூட எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க, பாருங்க!

— சேத்தாளா! தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏறுன கொடியில கொஞ்சம் அவ பேருக்குன்னு உட்டுருந்தேன். அந்த மிளகு வித்த காசெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்குது. இப்ப கார்டு இல்லாம படம் திக்குது திக்குதுன்னு ஒரே பொலம்பலு.

— திக்கத்தானுங்க செய்யும். இந்த ரெண்டு காத்தாடி வெச்ச கார்டப் போட்டா சரியாயிரும். எட்டு ஜிபி. நடு ரகம்.

— மூணு காத்தாடி வெச்சது அங்க மினுமினுன்னு நிக்குதே, அத ஏன் காட்ட மாட்டேங்கறே? என்னப் பாத்தா வாங்கற ஆளாத் தெரியலியா?

— ஐயோ, அப்படியில்லீங்க! அது சும்மா பார்வைக்கு வெச்சிருக்கறது. இந்தப் பெட்டிக்குள்ள அது நொழையவே நொழையாது. நொழைஞ்சாலும் கரண்டு பத்தாது. மழ வந்தா நம்ம மலையில கரண்டு வேற பல்ல இளிக்கும். கணக்குப் போடற மெயின் சிப்பு சின்னதா இருந்து கார்டு மட்டும் பெருசா இருந்தா, ஏருல ஒரு பக்கம் காளையும் மறுபக்கம் கன்னுக்குட்டியும் பூட்டுன மாதிரி ஆயிருமுங்க.

— ஏரு ஓட்டறவன் நானு, எனக்கே ஏருல பாடமா?

— வெளங்கறதுக்காகச் சொன்னேனுங்க.

— வெளங்குச்சு, வெளங்குச்சு. பழசு ஏதாவது இருக்குதா? டிராக்டரே நான் பழசுதான் வாங்குனேன். நல்லாத்தான் ஓடுது.

— கார்டுல பழசு வேண்டாமுங்க. ராவு பகலா ஓட்டித் தேஞ்சத, தொடச்சுப் பொட்டலம் கட்டிப் புதுசாட்டம் குடுத்துருவாங்க. மாட்டுன பொறவுதான் வண்டவாளம் தெரியும்.

— யாவாரின்னா பெருசத் தலையில கட்டுவானுங்க, இல்ல பழசத் தள்ளி உடுவானுங்க. நீ ரெண்டும் பண்ண மாட்டேங்கறே. கட எப்படிச் சாமி ஓடுது?

— அதுவும் திக்கித் திக்கித்தானுங்க ஓடுது. பொய் சொல்லி வித்தா நாளைக்கு அதத் தூக்கிக்கிட்டு இங்கதான வருவாங்க? எனக்கு அந்த மூஞ்சியெல்லாம் பாக்கத் தெம்பில்லீங்க.

— அதுவும் சரிதான். அப்ப ரெண்டு காத்தாடின்னே சொல்லிரலாங்கறே.

— தாராளமாச் சொல்லலாம்... சொல்றதுங்களா? வாங்கறது நீங்க இல்லீங்களா?

— நான் எதுக்கு வாங்கோணும்? இது பரியத்துக்கு. மாப்ள ஊட்டுக்காரங்க வாங்கியாருவாங்க. என்ன சாமான்னு நான் பேரச் சொன்னாப் போதும்.

— பரியத்துல கிராபிக்ஸ் கார்டுங்களா? இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லீங்க!

— நான் மட்டும் கேள்விப்பட்டனா? அடிவாரத்துல பொண்ணப் பெத்தவன் மாப்ளைக்குக் காரு, பைக்குன்னு அழுவறான். மலையில நம்ம வழக்கம் வேற, மாப்ள ஊடுதான் பொண்ணுக்குப் பரியம் வெக்கோணும். தானியம், துணிமணி, நக நட்டுன்னு முடிஞ்சதக் கேப்போம். இவ என்னடான்னா, 'எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், கார்டு வேணும்'னு ஒத்தக் கால்ல நிக்கறா.

— பலே! கேட்டா இப்படிக் கேக்கோணுங்க. பொண்ணு பேரு என்னங்க?

— ஆர்த்தி... என்ன சாமி, கையில இருந்த ஸ்குரு டிரைவரக் கீழ போட்டுட்டே?

— வழுக்கிருச்சுங்க. ஆர்த்தின்னா... வீடியோ எடிட்டிங் பண்ற ஆர்த்திங்களா? நாமக்கல்ல படிச்சவங்க?

— அவளேதான். உனக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க. அதாவதுங்க, அவ்வளவாத் தெரியாது. அதாவதுங்க, ஆன்லைன்ல எங்க டீம்ல ஆடுவாங்க.

— ஓ! பொழுது சாஞ்சா 'பின்னால வர்றான், சுடு, சுடு'ன்னு தொண்ட கிழியக் கத்துவாளே, அது உங்கிட்டத்தானா? மொத நாளு ஊட்டுக்குள்ள காட்டுப்பன்னி பூந்துருச்சுன்னு நான் தடியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்!

— ஐயா... மாப்ள முடிவாயிருச்சுங்களா?

— கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். வர்ற வெள்ளிக்கெழம பரியம். வந்த எடத்தையெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு தட்டிக் கழிச்சவ, இந்தப் பையன் பேரச் சொன்னதும் சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா.

— சிரிச்சாங்களா?

— வாயெல்லாம் பல்லு.

— யாருங்க மாப்ள?

— குண்டூர் நாட்டுப் பையன்.

— எங்க நாடா! பேரச் சொல்லுங்க, எனக்குத் தெரியாத ஆளே அங்க கெடையாது.

— பரியம் பேசி முடியாம பேர வெளிய உடறதில்ல, எங்கூட்டு வழக்கம். ஏதோ யாவாரம் பண்றான். ஆளு சுமாருதான். ஆனா பொய்யே பேச மாட்டான்னு என்ற புள்ள சத்தியம் பண்றா.

— பொய் பேசாத யாவாரியா? அப்படி ஒருத்தன் இருப்பானுங்களா மாமா?

— அதத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். அதென்ன, இத்தன நேரம் ஐயா, இப்ப மாமா?

— வாய் தவறி வந்துருச்சுங்க ஐயா. ஒரு நிமிசம் இருங்க. அந்த ரெண்டு காத்தாடி வேண்டாமுங்க.

— ஏன், என்னாச்சு?

— ஆர்த்திக்கு அது பத்தாது. இந்த மூணு காத்தாடிதான் சரி. பதினாறு ஜிபி.

— பெட்டிக்குள்ள நொழையவே நொழையாதுன்னே?

— பெட்டிய மாத்தச் சொல்லுங்க. பெருசா, கண்ணாடி வெச்சது. பவர் சப்ளை புதுசு. மெயின் சிப்பு புதுசு. திரையும் சுவத்துல பாதி வர்ற மாதிரி, வளஞ்சதா வாங்கச் சொல்லுங்க.

— காளையும் கன்னுக்குட்டியும் என்னாவறது?

— ரெண்டையும் காளையா மாத்திருவோமுங்க. அப்பறம் கரண்டு போயிப் போயி வருமே, அதுக்கு ஒரு யூபிஎஸ். ஒரு நாற்காலி.

— நாற்காலியா? நாற்காலிக்கும் கார்டுக்கும் என்ன ஒறவு?

— கேமுக்குன்னே நாற்காலி இருக்குதுங்க. படுக்கலாம், சாயலாம், சுத்தலாம். இதெல்லாம் வந்து எறங்குனாத்தான் பரியம், இல்லீன்னா பேச்சே இல்லீன்னு கண்டிப்பாச் சொல்லிருங்க.

— ஏஞ்சாமி, இத்தனையும் கேட்டா அந்தப் பையன் காட்டு வழியில புளியஞ்சோலைக்கு எறங்கி ஓடிருவானே?

— ஓடட்டுங்க! ஓடுனான்னா ஆர்த்தி மேல அவனுக்கு ஆச இல்லீன்னு அர்த்தம். அப்படிப்பட்டவன் எதுக்குங்க?

— ஆச இருக்கறவன்?

— எப்பாடு பட்டாவது கொண்டாந்து எறக்குவான்.

— நீயா இருந்தா?

— நானாங்க? நானா இருந்தா இந்தக் கடையவே வித்து... அது எதுக்குங்க இப்ப?

— சும்மாதான் கேட்டேன். சரி, எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. ஒரே ஒரு கேள்வி சாமி. என்ற புள்ளைக்கு இத்தனையும் வேணுமா? என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு... மேல என்ன இருக்குது? இங்க பாரு.

— வேண்டாமுங்க.

— அட!

— ஒண்ணுமே வேண்டாமுங்க. மொதல்ல சொன்ன கார்டுதான் அவங்க பெட்டிக்குச் சேரும். அது ஒண்ணு போதும். பொறவு சொன்னதெல்லாம் பொய்யிங்க. அந்த மாப்ள மெரண்டு ஓடோணும்னு சொன்னேன்.

— பாவம், அவன் உனக்கென்ன பண்ணுனான்?

— எனக்கு ஆர்த்தியப் புடிக்குமுங்க. ரொம்ப நாளாவே புடிக்கும். ஆட்டத்துல நான் குண்டடிபட்டு உழுந்தா மத்தவனுங்கெல்லாம் உட்டுட்டு ஓடுவானுங்க. அவங்க மட்டும் திரும்பி வந்து தூக்கி உடுவாங்க. அது ஆட்டத்துக்காகப் பண்றதா, எனக்காகப் பண்றதான்னு கேக்கலாம் கேக்கலாம்னு நாளத் தள்ளிட்டேன்.

— எங்கிட்டச் சொல்ல வாய் வருது, அவகிட்டச் சொல்ல வரலியா?

— பயமுங்க. இல்லீன்னு சொல்லிட்டா அப்பறம் டீம்லயும் வர மாட்டாங்களே.

— உங்கப்பங்கிட்டயாவது சொன்னியா?

— எங்க சொன்னேன்! போன வாரம் என்ற போனப் பாத்துட்டு, 'யாருடா இந்தப் புள்ள?'ன்னு அவரே கேட்டாரு. 'ஒண்ணுமில்லீங்கப்பா, கஸ்டமரு'ன்னுட்டேன்.

— அட கூறுகெட்டவனே! ஊரே கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டியாட்ட. இப்ப என்ன பண்றது? வார்த்த குடுத்தாச்சு. திருப்பி வாங்க மாட்டேன்.

— புரியுதுங்க. உங்களக் கொற சொல்ல முடியாது. ஐயா, ஒண்ணு மட்டும் பண்ணுங்க. நடு ரகமே வாங்கச் சொல்லுங்க. பெருசக் கொண்டாந்து அந்தப் பெட்டியில திணிச்சு மாட்டுனா கரண்டு டப்பா கருகிரும், அவங்க அழுதுருவாங்க. என்ற கடையில வாங்கலீன்னாலும் பரவால்ல. நானே வந்து மாட்டிக் குடுத்துட்டு... இல்லீங்க, நான் வரல. வேற ஆள அனுப்பி உடறேன்.

— நல்லாருக்குது உன்ற கத. பொறு, இப்பவே போனப் போட்டு அவுங்களுக்குச் சொல்லிர்றேன்... ஏனுங்க சம்மந்தி, நாந்தான் அப்பாசாமி. செம்மேட்டுலதான் நிக்கறேன்... ஆமாங்க, பரிய விசயந்தான். நடு ரகக் கார்டே போதுமாமுங்க... அதுக்கு மேல ஒரு நாற்காலி. படுக்கலாமாம், சாயலாமாம், சுத்தலாமாம்... பையன் ஒத்துக்குவானான்னா கேக்கறீங்க? கடையவே விப்பானாமுங்க!

— ஐயா, ஐயா! கடைன்னு சொன்னது நானுங்க, அவரில்ல!

— சித்த சும்மா இரு சாமி... இல்லீங்க சம்மந்தி, உங்களச் சொல்லல. பொய் ஏதாவது சொன்னானான்னா? சொன்னான், சொன்னான். சொல்லிட்டு நின்ன எடத்துலயே ஒத்துக்கிட்டான். எனக்கு அது போதும்.

— யாருங்க, மாப்ளயா? அவரும் பொய் சொன்னாருங்களா?

— இந்தா, போனப் புடி கோகுலு, உங்கப்பா பேசறாரு.