ஆறுமுகசாமியின் இன்னொரு பொழுதுபோக்கு

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலில் நடந்தே வந்ததால் தொண்டை வறண்டு போயிருந்தது. உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்களே சுரேந்தர், அந்தப் பையனை நீங்கள் அனுப்பிவிடலாம். கந்தப்பன் ஐயாவின் பழைய காசை அவன் திருடவில்லை. அதை யாருமே திருடவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், நானும் எதையும் மூடி மறைக்கிற ஆள் கிடையாது.

என் பெயர் ஆறுமுகசாமி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் பிரிவில் வேலை. தைத்து முடித்த பனியனில் மெஷின் எண்ணெய் சொட்டியிருக்கும், டெய்லர் குடித்த டீ சிந்தியிருக்கும், ஹெல்பரின் வெற்றிலைக் கை பட்டிருக்கும். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் மருந்தை ஊற்றிப் பீய்ச்சினால் எல்லாம் போய்விடும். இது அலுக்காதா என்று சிலர் கேட்பார்கள். கறை போகிற அந்த நேரத்தில் துணியின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

லீவு நாளில் நாணயம் சேகரிக்கிறேன். அதற்கென்று இந்த ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது, நிட்டிங் கம்பெனி முதலாளி கந்தப்பன் ஐயாதான் அதற்குத் தலைவர். மற்ற உறுப்பினர்கள் பழங்காசாகத் தேடி அலைவார்கள். நான் வங்கியிலிருந்து வரும் புதுக்காசை மட்டும்தான் சேர்ப்பேன். பளிச்சென்று, யார் கையும் படாமல் இருக்கும். அதற்காக என்னைக் கேலி செய்வார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. காசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் குடும்பத்தோடு யார் வருவார்கள், அதனால் ஆண்டு விழாவில் ஒவ்வொரு உறுப்பினரும் காசு தவிர தனக்கு இருக்கும் இன்னொரு பொழுதுபோக்கையும் மேடையில் காட்ட வேண்டும் என்றார். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. காங்கேயத்தில் அரிசி மில் வைத்திருக்கும் ரத்தினசாமி அண்ணன் தொட்டியில் முழ உயரத்துக்கு ஆலமரம் வளர்க்கிறார். தெய்வாத்தாள் அக்கா தோசைக்கல்லில் மாவை ஊற்றியே மயில், யானை, தேர் என்று எது கேட்டாலும் வார்த்துத் தருவார். சுரேந்தர் மேஜிக் செய்வான், உங்கள் கையில் இருக்கும் காசை அவன் கையில் இருக்கும் காசாக மாற்றிவிடுவான். தலைவர் மவுத் ஆர்கன் வாசிப்பார், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் என் முறை வந்தது.

“நீ என்ன கண்ணு பண்ணுவே?” என்றார் தலைவர்.

“ஒண்ணுமில்லீங்க.”

“வேலை முடிஞ்சு ஊட்டுக்குப் போனா என்னதான் பண்ணுவே?”

“துணி தொவைப்பேனுங்க.”

கூட்டமே சிரித்தது. ரத்தினசாமி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, ஐயா. பொழுதுபோக்கே இல்லாத மனிதன் என்று ஊரெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பது போல இருந்தது. பல நாள் யோசித்துத்தான் எனக்கு விளங்கியது. கூலி வாங்காமலும் ஒரு வேலையை ஆசையாகச் செய்கிறோம் என்றால் அதற்குப் பெயர் பொழுதுபோக்குதானே. எனக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் அதைக் காட்டி எல்லோரையும் அசத்துவது என்று முடிவு செய்தேன்.

முதலில் தெய்வாத்தாள் அக்காவின் தோசைக்கல். ஒத்திகைக்காக அதை எடுத்து வரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். அவருடைய மாமியார் காலத்துக் கல். அத்தனை வருஷ எண்ணெயும் அதன் மேலேயே கருகிக் கிடந்தது, பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. துரு எடுக்கும் மருந்தை ஊற்றி, இரும்பு நாரால் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆனது. மறுநாள் அக்கா அதில் மயில் வார்த்தார். மயில் எழும்பவே இல்லை. கரண்டியால் சுரண்டினார், தோகை தனி, கழுத்து தனி என்று வந்தது.

“இது என்ற கல்லே இல்லீங்க,” என்று அழ ஆரம்பித்துவிட்டார். “ஆரோ மாத்திப்போட்டாங்க சாமி.”

நானும்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். கல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் அதை எடுத்துச் சொல்வது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது ரத்தினசாமி அண்ணனின் ஆலமரம், அதையும் ஒத்திகைக்கென்று கொண்டுவந்து சங்கத்தில் விட்டுப் போயிருந்தார். அதன் அடியெல்லாம் பாசி, வேரெல்லாம் மண். அண்ணன் பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்பார், பிள்ளையாக இருந்தால் குளிப்பாட்டாமல் விடுவாரா என்று எனக்குத் தோன்றியது. சோப்புத் தண்ணீரில் அலசி, பாசியைச் சுரண்டி, வேரை ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டு வெள்ளையாக்கினேன். கொஞ்ச நாளில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. இதுவும் தன் மரம் இல்லை, யாரோ செத்த மரத்தை வைத்துவிட்டுத் தன் மரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். சங்கத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். பொருளை மாற்றுகிற ஆள் யார் என்று யோசித்ததும் எல்லோர் பார்வையும் மேஜிக்காரன் மேல் திரும்பியது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, தலைவரின் மகள் கீர்த்தனாவுக்கும் சுரேந்தருக்கும் அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது.

இப்போது அந்தக் காசுக்கு வருகிறேன். கொமரலிங்கத்தில் தலைவரின் அப்பா வயல் உழும்போது கிடைத்த செப்புக்காசு. ஒரு பக்கம் யானை, மேலே பச்சைக் களிம்பு. பழங்காசைக் கழுவக்கூடாது, களிம்புதான் அதற்கு அழகும் மதிப்பும் என்பது சங்கத்தின் முதல் விதி. நான் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த விதியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதை எழுதியவர் என் மருந்துகளைப் பார்த்ததில்லை.

நேற்று ஒத்திகையில் சுரேந்தர் அந்தக் காசை வாங்கி மறைய வைத்து, ரத்தினசாமி அண்ணனின் காதிலிருந்து எடுத்துக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். இன்று காலை விழா மண்டபத்தில் எல்லோரும் டிபன் சாப்பிடப் போனபோது அந்தக் காசு இருந்த கண்ணாடிப் பெட்டிக்குக் காவலாக நான் மட்டும் இருந்தேன். புளியில் ஆரம்பித்தேன். புளிக்கு அது மசியவில்லை. கம்பெனி மருந்து கேட்டது. களிம்பு போனதும் யானையும் போய்விட்டது. யானை களிம்பிலேயேதான் இருந்திருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மேடையில் சொல்ல வேண்டிய நேரத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குள் தலைவர் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“இது என்ற காசே இல்லீங்க!” என்றார். பிறகு சுரேந்தரைப் பார்த்தார். “கல்லு, மரம், இப்ப இதுவா? ஏனப்பா, என்ற ஊட்டுக்கே மாப்பிள்ளையா வர்றவன் பண்ற வேலையா இது?”

“மாமா, சத்தியமா நான் மாத்தலீங்க மாமா.”

“மாமான்னு கூப்புடாதே. நிச்சயம் பண்ணுனது இத்தோட முடிஞ்சுது.”

கீர்த்தனா சுவரைப் பார்த்து நின்று அழுதது. உங்களுக்குப் போன் போட்டது ரத்தினசாமி அண்ணன்தான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம், ஐயா. துணி துவைக்கிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் அந்தப் பெண் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. எதையும் யாரும் மாற்றவில்லை. அது அதே கல், அதே மரம், அதே காசு. சுரேந்தர் தங்கமான பையன், கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். அதோ வாசலில் தலைவர் நிற்கிறார், நான் சொன்னது எல்லாம் கேட்டிருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்தீர்களா, அப்பா கொடுத்த காசு தொலையவில்லை என்று தெரிந்த சந்தோஷம் அது. அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

காலையில் நடந்ததை ஏன் சாயங்காலம் வந்து சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சங்கத்தில் எல்லோரும் சுரேந்தரின் பின்னாலேயே இங்கே வந்துவிட்டார்கள். விழாக் கண்காட்சிக்காக ஈரோடு, சேலம், கோயமுத்தூர் சங்கங்கள் நம்பிக் கொடுத்து அனுப்பிய பழங்காசுகள் முழுவதும் மண்டபத்தில் பரப்பி வைத்தபடியே இருந்தன. பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெறுமனே உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை, மருந்தும் மீதி இருந்தது. ஒன்றுகூட விடாமல் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த ஊர்க்காரர்கள் வந்தால் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் ஐயா, பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் அவரவர் காசுதான், பாவம், இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கப் போகிறார்கள்.