பிடித்தவர் ஓடிய தூரம்

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். காலடியில் கருவாட்டுச் சாக்கு.

"உலகத்திலயே கூடின தூரம் எறிஞ்ச ஆள் ஒரு அமெரிக்கனாம்," என்றார் அவர். "அங்க முட்டை மாதிரி ஒரு பந்தை எறிஞ்சு விளையாடுவினம். அவன் விளையாடின காலம் முழுக்க எறிஞ்ச தூரத்தைக் கூட்டிப் பாத்திருக்கினம். மருமகன் போனில காட்டினவர்."

"எறிஞ்சா ஆர் பிடிக்கிறது?"

"அவன்ட அணியில இன்னொருத்தன்தான். பிடிச்சுக்கொண்டு ஓடுவான்."

"அவன் ஓடுற தூரம்?"

"அதுவும் எறிஞ்சவன்ட கணக்கிலதான் சேருமாம்."

அந்த அம்மா குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். நீங்கள் மீனைக் கரையில இறக்கிப்போட்டு வந்து படுத்திடுவியள். வெட்டி, உப்புப் போட்டு, காயவைச்சு, சந்தைக்குக் கொண்டு ஓடுறது நான். ஊரில நல்ல உழைப்பாளி எண்டு பேர் உங்களுக்கு."

"இண்டைக்கு நானும் வாறன்தானே."

"தோள் நோவுக்கு மருந்தெடுக்க வாறியள்."

மன்னாரில் பஸ் நின்றதும் அவர் சாக்கைத் தூக்கி நோவில்லாத தோளில் வைத்துக்கொண்டார்.

"கீழ வையுங்கோ அதை. டொக்டர் போன முறை என்ன சொன்னவர்?"

"வலை வீச வேண்டாமெண்டுதான் சொன்னவர்," என்றபடி இறங்கி நடந்தார். "சந்தை வரைக்கும் நான் ஓடுறன். தூரத்தை உன்ர கணக்கில போடு."