சண்டை தீர்க்கும் படிப்பு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம். மலாக்காவில், காஜா பேராங்கில் டவுன் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பெண்ணைப் பெற்றவள், மற்றவள் பையனைப் பெற்றவள்.

“சிங்கப்பூர்ல யுனிவர்சிட்டி படிக்கிற பொண்ணு எதிர்த்துப் பேசுமே?” என்றாள் பையனின் தாய்.

“அவ படிக்கிறதே சண்டையத் தீர்த்துவைக்கத்தான்க்கா.”

“யார் சண்டைய?”

“நாட்டுக்கு நாடு சண்டை. முதலாளி தொழிலாளி சண்டை.”

“மாமியா மருமக சண்டை?”

“அது பாடத்துல இல்ல லா.”

பையனின் தாய் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“மூத்த மருமக என்கூடப் பேசி ஆறு மாசம். ஒரே அடுப்படிதான். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றோம். அவளும் வரணும்.”

“கூட்டிக்கிட்டு வாங்க.”

“நான் எப்படிக் கூப்பிடுறது? மூத்தவளுக்கு உன் பொண்ணையே ஒரு கடிதாசி போடச் சொல்லு.”