ஆகஸ்ட் மாதத்து மட்டி

மட்டிச் சிப்பியை மண் கடிக்காமல் சமைக்க ஒரே வழிதான். கடல் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட வேண்டும். தின்ற சேற்றையெல்லாம் அதுவே கக்கிவிடும். எங்கள் ஃபிஜியில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் பைகளைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறு வரும் வழியில் மேலே பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் வம்பில்லை. நவம்பரில் மழை பிடித்ததும் அந்தக் கழிவு எங்கள் முகத்துவாரச் சேற்றில் வந்து இறங்கும்; மட்டி அதைத் தின்னும். அதனால் மாதம் ஒரு பை மட்டியை உறையவைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். அந்தப் பொறுப்பை ஊர்ப் பெண்கள் என்னிடம் விட்டிருந்தார்கள். உனைசி பொய் சொல்லமாட்டாள் என்று எனக்குப் பெயர்.

போன வருஷம் ஜனவரிப் பையில் ஈயம் இருந்தது. மட்டி தோண்டக்கூடாது என்று கரையை மூன்று மாதம் மூடிவிட்டார்கள். "எங்க வயித்துல அடிச்சது வெள்ளமில்லடி, உன் பைதான்," என்றாள் எங்களோடு மட்டி தோண்டும் மெரேவாய், சர்ச் வாசலில் வைத்து. "வேற எடத்துல ஒரு கை தோண்டியிருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?" உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? எனக்கு அவமானமாக இருந்தது.

அதனால் இந்த முறை ஆகஸ்டிலேயே, சேறு சுத்தமாக இருந்தபோது, நாலு பை தோண்டி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டேன். நவம்பரிலிருந்து மாதம் ஒன்றாகக் கொடுத்தேன். சாப்பிடலாம் என்று எழுதி வந்தது. மெரேவாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

டிசம்பரில் தம்பி மனைவி விலிமைனாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற மட்டி ரசம் கொடுப்பது எங்கள் வழக்கம். கொண்டுபோக வேண்டியவள் நாத்தனார். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பை விஷயம் வெளியே வரும். ஆகவே தினமும் கொண்டுபோனேன்.

"மதினி, இன்னிக்கு வாயெல்லாம் கசக்குது, வேணாமே," என்றாள் ஒரு நாள்.

"பிள்ளை பெத்த வாய் அப்படித்தான் இருக்கும். ஒரே மடக்குல குடிடி. உன் மவன் பசியில கத்துறான் பாரு."

குடித்தாள். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் போனேன். நேற்றுச் சொல்லாததை இன்று எப்படிச் சொல்வது? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். உயிர் தங்கிவிட்டது. ஆனால் அம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை. விலிமைனா இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பைகளை மாற்றியது நான். ரசம் வைத்துக் கொடுத்ததும் நான். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, ஐயா. ஊறப்போட்டால் மட்டி ஈயத்தையும் கக்கிவிடும் என்று மனதார நம்பினேன்.

அதே டிசம்பரில் என் மகள் அலுமிதாவும் எங்கள் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள். அவளுக்குக் கோழி ரசம்தான் வைத்தேன். ஏன் என்கிறீர்கள். என்ன கேள்வி ஐயா இது, அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் இல்லையா?