பெட்டியை இறக்கி வைத்தவர்

— இப்ப எதுக்குக்கா அந்தக் கதை? நான் அம்மாவைப் பாக்க வந்திருக்கேன். தோள்ல இருந்து பையைக்கூட இன்னும் இறக்கல.

— இந்த நாற்காலியில வை. உள்ள அம்மாவைத் துடைச்சு, துணி மாத்திட்டு இருக்காங்க. இப்ப யாரையும் விட மாட்டாங்க. ஒரு டீ குடி.

— ஆஸ்பத்திரி கேன்டீன்ல டீ குடிக்கவா ரெண்டு ப்ளேன் மாறி வந்தேன்?

— ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவனுக்குக் கொஞ்ச நேரம் உக்கார முடியல.

— ஆரம்பிச்சுட்டியா?

— இல்லடா. சண்டை போடறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. நீ காலேஜ்ல கதைப் பாடம் நடத்துறவன்தானே? கருப்பொருள், மையக்கருத்துன்னு பிள்ளைங்க உசிரை வாங்குறவன். அம்மா எழுதின அந்த ஒரே கதை, 'பாரம்', அதோட கரு என்னன்னு சொல்லு.

— முதல்ல டாக்டர் என்ன சொன்னாருன்னு நீ சொல்லு.

— போன்ல சொன்னதுதான். மூளை இனி திரும்பாது. மூச்சை மெஷின்தான் விடுது. எடுத்துடலாமா, வெச்சிருக்கலாமா, வீட்டுல பேசிச் சொல்லுங்கன்னாரு. இதைப் பத்தி அம்மா எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு கேட்டாரு.

— சொல்லியிருக்காளா?

— நம்ம அம்மாவா? தலை வலிக்குதுன்னுகூட வாயைத் தொறந்தவ இல்ல. ரிட்டயர் ஆகுற வரைக்கும் டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்து ஊரார் பேச்சையெல்லாம் சேத்துவிட்டவ, தன் பேச்சை ஒருத்தர்கிட்டயும் பேசல. என்னிக்கோ ஒரு வாரப் பத்திரிகையில வந்த அந்தக் கதை ஒண்ணுலதான் மனசைத் தொறந்திருக்கா. அதான் கேக்குறேன்.

— கதையை வெச்சு ஒரு உசிரை முடிவு பண்ணுவாங்களாக்கா?

— வேற என்னடா இருக்கு நம்ம கையில?

— சரி... சரி. நீயே முதல்ல சொல்லு. என்ன கதை அது?

— உனக்குத் தெரியாதா?

— தெரியும். உன் வாயால கேக்கணும். பிள்ளைங்களையும் அப்படித்தான் சொல்லச் சொல்வேன்.

— ரயில்வே ஸ்டேஷன்ல, பயணிங்க சாமான் வெச்சுட்டுப் போவாங்களே, அந்த க்ளோக் ரூம்ல ஒருத்தர் வேலை பாக்குறாரு. ஒரு பொண்ணு இரும்புப் பெட்டி ஒண்ணை வெச்சுட்டு, ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்னு போறா. வரவே இல்ல. அவரு வருஷக்கணக்கா அந்தப் பெட்டியைக் காக்குறாரு. தூசி தட்டுறாரு. மழை ஒழுகினா இடம் மாத்தி வெக்கிறாரு. ஆபீசர் திட்டுறாரு, பொண்டாட்டி திட்டுறா. கடைசியில ரிட்டயர் ஆகுற அன்னிக்கு ஏலத்துக்குக் கொடுத்துடுறாரு.

— இது கதையில நடந்தது. கரு இல்ல.

— தெரியும் வாத்தியாரே. காத்திருக்கிறதைப் பத்தின கதைன்னு சொன்னா?

— அது விஷயம். காத்திருக்கிறதைப் பத்தி அந்தக் கதை என்ன சொல்லுதோ, அதுதான் கரு.

— இறக்கி வெச்சுடுன்னு சொல்லுது. திரும்பி வராதுன்னு தெரிஞ்ச பிறகும் புடிச்சு வெச்சுட்டு இருக்கக் கூடாது. கடைசி வரி ஞாபகம் இருக்கா? 'கையை வீசிக்கொண்டு நடந்தார். தன் வீட்டைத் தாண்டிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.' அவ்வளவு லேசா இருந்திருக்குடா அவருக்கு. வீடு வந்ததே தெரியல பாரு.

— நீ அந்த வரியை அப்படியா படிச்சே?

— வேற எப்படிப் படிக்கிறது?

— ஒரு மனுஷன் தன் வீட்டையே தாண்டிப் போறான்கா. அதுவா லேசு? உனக்கு வேணும்கிறதை அதுல நீ படிக்கிற.

— ஆமாடா. படிப்பேன். நாலு வருஷமா தூக்கி உக்கார வெச்சது யாரு, நீயா? குழாய் வழியா கஞ்சி விட்டது யாரு? அம்மாவுக்கு முதுகு புண்ணாகாம இருக்கணும்னு எழுந்து எழுந்து திருப்பிப் போட்டது யாரு? பாரம்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.

— நான் ஒண்ணும் சொல்லலக்கா.

— மெஷினை எடுக்க வேண்டாம்னு நீ நினைக்கிறதும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். இன்னொரு லீவுல வந்து நிதானமா பாத்துக்கலாம்னுதானே?

— இருக்கலாம்.

— என்னது?

— இருக்கலாம்னேன். அப்படி ஒரு அல்பத்தனம் எனக்குள்ள இருக்கு. இல்லன்னு பொய் சொல்லல. அதனாலதான் சொல்றேன், உன் அசதி, என் வெக்கம், ரெண்டையும் ஓரமா வெப்போம். அம்மா என்ன எழுதியிருக்கான்னு மட்டும் பாப்போம். பாரம், பாரம்கிறியே, கதைக்குள்ள அந்த வார்த்தையை யாரு சொல்றா?

— தலைப்பே அதுதானேடா.

— தலைப்பு கிடக்கட்டும். யாரு வாயில வருது?

— ஆபீசர் சொல்லுவாரு. 'இந்தப் பாரம் உனக்கெதுக்குய்யா?'ன்னு. பொண்டாட்டி சொல்லுவா. பெட்டியைத் தூக்க வந்த கூலிக்காரன் சொல்லுவான்.

— பெட்டியைக் காத்தவர் ஒரு தடவையாவது சொல்றாரா?

— அவரு... இல்ல. அவரு பெட்டின்னுதான் சொல்லுவாரு. 'நம்ம பெட்டி'ன்னு.

— பாத்தியா?

— சரிப்பா, ஒத்துக்கிறேன். ஆனாலும் இறக்கி வெச்சாரா இல்லையா? முடிவுதானே முக்கியம்?

— முடிவை மட்டும் புடிச்சுட்டுத் தொங்கினா கரு கிடைக்காதுக்கா. முதல் வருஷத்துப் பிள்ளைங்க பூரா அப்படித்தான் பண்ணுதுங்க. கதை எங்க ஆரம்பிக்குது?

— புது குமாஸ்தா வேலைக்குச் சேர்றதுல. ஜன்னலைத் தொறக்குறான். எதிர்ல பெஞ்சுல ஜனங்க உக்காந்திருக்காங்க.

— யாரெல்லாம்?

— யாரோ ஒரு பொம்பள, குழந்தையோட. அப்புறம் ஒரு கிழவர். கையில சாமானே இல்லாம தினமும் வந்து உக்காந்திருப்பாரு. சாமான் இல்லாதவங்க இங்க உக்காரக் கூடாதுன்னு அந்தப் பையன் எழுப்பி விடுவான். மறுநாளும் வந்து உக்காருவாரு. ஸ்டேஷன்னா நாலு பேரு இருப்பாங்கள்ல, அதுக்காக அம்மா எழுதியிருக்கா.

— அந்தக் கிழவர் எப்படி இருப்பாரு?

— அதெல்லாம் எதுக்கு இப்ப?

— சொல்லேன்.

— இடது தோள் இறங்கி இருக்கும்னு எழுதியிருப்பா.

— பெட்டியைக் காத்தவருக்கு?

— அவருக்கு...

— சொல்லுக்கா.

— சாமான் தூக்கித் தூக்கி அவருக்கும் இடது தோள் இறங்கிடும். டேய்.

— அவருதான்கா அது. அந்தப் புது குமாஸ்தா அவரு ரிட்டயர் ஆன பிறகு அந்த இடத்துக்கு வந்தவன். ஏலத்துக்குக் கொடுத்த பிறகும் தினமும் வந்து உக்காந்திருக்காரு. வீட்டைத் தாண்டி எங்க போனாருன்னு இப்பத் தெரியுதா? அம்மா முடிவைக் கொண்டு போய் முதல் பாராவுல வெச்சிருக்கா.

— இருக்காதுடா.

— வேற யாரா இருக்க முடியும்?

— எத்தனை தடவை படிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நானும் அந்தக் கிழவரை எழுப்பி விட்டுட்டுத்தான் மேல படிச்சிருக்கேன்.

— இதை அம்மா எப்ப எழுதினா? உனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கைக்குழந்தை.

— தாத்தா நம்ம வீட்டுல படுக்கையில கிடந்தாருல்ல, அம்மாவோட அப்பா. எல்லாரும் சேந்து சொல்லிச் சொல்லி, அவரை முதியோர் காப்பகத்துல கொண்டு போய் விட்டா. ஒரு வாரம்கூடத் தாங்கல, போய்ச் சேந்துட்டாரு. அந்த வருஷம்தான் எழுதினா. சுமை எறங்கிச்சு, எழுத நேரம் கிடைச்சுதுன்னு இத்தனை நாள் நான் நினைச்சுட்டு இருந்தேன்.

— நேரம் கிடைச்சு எழுதினவளா இருந்தா இன்னும் நாலு கதை எழுதியிருப்பா.

— தாத்தா கட்டிலை எடுத்த பிறகு அந்த இடத்துல ஒரு சாமான் போட விட மாட்டா. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து அங்க என் பையைத் தூக்கிப் போட்டேன். அடிச்சா பாரு ஒரு அடி. அம்மா என்னை அடிச்சது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான்.

— அப்புறம் என்ன?

— ஒண்ணும் இல்ல. நீ சொல்லு. கருவைச் சொல்லு.

— பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அம்மா எழுதல. அந்தப் பொண்ணு ஏன் வரலைன்னு எழுதல. பெட்டியை யாரு ஏலத்துல எடுத்தான்னும் எழுதல. அதெல்லாம் அவளுக்கு முக்கியமே இல்ல. இறக்கி வெச்சவன் என்ன ஆனான்னு மட்டும்தான் எழுதியிருக்கா. காத்துட்டு இருந்த வரைக்கும் அது பெட்டிதான்கா. இறக்கி வெச்ச பிறகுதான் அது பாரம்.

— வேற மாதிரி படிக்க முடியாதா?

— முடியாதுன்னுதான் தோணுது.

— நல்லா யோசிடா. இவ்வளவு படிச்சிருக்கியே, ஒரு வழி இருக்காதா? அந்தக் கிழவர் வேற யாரோவா இருக்கலாம்ல? ஊருல தோள் இறங்கினவன் ஒருத்தன்தானா?

— ஏன்கா இப்படிக் கெஞ்சுற?

— கெஞ்சல. கேக்குறேன். அவருக்கு வீட்டுல பொழுது போகல, அதனால வந்து உக்காந்தாருன்னு வெச்சுக்கக் கூடாதா? நீ சொன்னா நான் நம்பிடுவேன்டா. சும்மாவாவது சொல்லேன்.

— சும்மா சொன்னா என்ன ஆகும்? நாளைக்கே நீ திரும்பப் படிப்ப. அவரு அதே பெஞ்சுலதான் உக்காந்திருப்பாரு.

— இனி நான் அந்தக் கதையைப் படிக்கவே மாட்டேன்.

— அழாத. இந்தா, கண்ணைத் துடை. எல்லாரும் பாக்குறாங்க. நான் அம்மாவுக்காகக்கூடச் சொல்லலக்கா. அவளுக்கு இனி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்காகச் சொல்றேன். நாலு வருஷம் நெஞ்சோட அணைச்சுத் தூக்கினவ நீ. எடுத்துடுங்கன்னு உன் வாயால சொல்லிட்டு, அப்புறம் உன்னால அந்த வீட்டுல ஒரு நாள் இருக்க முடியாது. நான் லீவை நீட்டிக்கிறேன், கூடவே இருக்கேன். வேண்டாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். எழுந்திரு, போலாம்.

— உக்காருடா.

— என்னக்கா?

— காலையிலேயே எடுத்துட்டாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்.